வீட்டில் ஆமைக்குட்டி இறந்துபோனால்

இம்மலரில் இதுவரை நான் எழுதியவை எல்லாம் தண்டவாளத்தைச் சுற்றியே இருந்தன. பாலக்காடு–பொள்ளாச்சி மீட்டர் கேஜ் பாதை 2008-இல் மூடப்பட்டு, 2015-இல் அகலப்பாதையாகத் திறக்கப்பட்ட கதையைப் படித்துவிட்டுச் சிலர் வீடு தேடி வந்து பேசினார்கள். இம்முறை ஓர் ஆமைக்குட்டியைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் என் மனைவி, "ரிட்டயர் ஆனவருக்கு விஷயம் தீர்ந்துபோச்சு" என்றாள். தீர்ந்துபோகவில்லை. ஓர் உயிர் என் கவனக்குறைவால் போயிருக்கிறது. அதைவிட, எட்டு வயதுக் குழந்தை ஒன்று அந்தப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு சில நாள் தூங்காமல் இருந்திருக்கிறது. இன்று நம்மவர் வீடுகள் பலவற்றில் கண்ணாடித் தொட்டிகளில் இந்தக் குட்டி ஆமைகளைப் பார்க்கிறேன். ஆகவே எழுதுகிறேன்.

என் மகள் மூணாறில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்குத் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் வேலை. சென்ற ஆண்டு அக்டோபரில் பேத்தியின் பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். நாய்க்குட்டி என்றாள். குவார்ட்டர்ஸில் நாய் வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள். பாலக்காட்டில் ஒரு வண்ணமீன் கடையில் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிதாக, பச்சை ஓடும் கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடுமாக ஒரு பிராணி நீந்திக்கொண்டிருந்தது. "தொந்தரவே இல்லை சார், நாற்பது வருஷம் இருக்கும்" என்றார் கடைக்காரர். நாற்பது வருஷம் என்றால் எனக்குப் பிறகும் பேத்தியிடம் இருக்கும். அந்த எண்ணத்திலேயே வாங்கிவிட்டேன்.

பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறுக்குக் கொண்டுபோனேன். பாலக்காடு கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டர் உயரம்கூட இல்லை. மூணாறு சுமார் 1,500 மீட்டர். நாற்பது வருஷம் ரயில்வேயில் ஏற்றமும் சரிவும் கணக்குப் போட்டவனுக்கு இந்த வித்தியாசம் மட்டும் அன்று மண்டையில் ஏறவில்லை. பேத்தி அதற்குப் 'பட்டன்' என்று பெயர் வைத்தாள். சட்டைப் பொத்தான் மாதிரி இருக்கிறதாம்.

ஜனவரி இரண்டாம் வாரம் பட்டன் இறந்துபோயிற்று.

செய்தி போனில் வந்தபோது எனக்கு முதலில் தோன்றியதை வெட்கத்தோடு எழுதுகிறேன். அதே கடையில் அதே அளவில் இன்னொன்று வாங்கி, குழந்தை பள்ளிக்கூடம் போயிருக்கும்போது தொட்டியில் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். என் மனைவிக்கு வேறு யோசனை. "ஆத்துக்குப் போயிடுச்சுன்னு சொல்லிடலாம், குழந்தை மறந்துடும்" என்றாள். நல்லவேளையாக மகள் இரண்டையும் கேட்கவில்லை. "செத்துப்போச்சுன்னு சொல்லிட்டேன்ப்பா. அவ அழறா. நீங்க வாங்க" என்றாள்.

போனேன். அங்கே நிலைமை நான் நினைத்ததைவிட மோசம். மாப்பிள்ளையின் அம்மா தேனிப் பக்கத்திலிருந்து பொங்கலுக்கு வந்திருந்தார். நல்ல மனுஷி. ஆனால் ஆமை வீட்டுக்கு வந்த நாள் முதல் அவருக்குப் பிடிக்கவில்லை. "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்ற பழமொழியைப் போனிலேயே பலமுறை சொல்லியிருக்கிறார். கோர்ட் உத்தரவோடு வந்து பாத்திரம் பண்டத்தை ஜப்தி செய்துகொண்டு போகும் சிப்பந்திதான் அமீனா. அந்த ஆளோடு சேர்த்து ஆமையையும் பழித்து வைத்திருக்கிறார்கள் நம் முன்னோர். கல்லாமை, பொறாமை, இயலாமை என்ற 'ஆமை'களைத்தான் அப்படிச் சொன்னார்கள் என்று சில பேச்சாளர்கள் விளக்கம் கொடுப்பதுண்டு. எனக்கு அந்த விளக்கம் கொஞ்சம் இழுத்துக் கட்டியதாகவே படுகிறது. அதே ஆமையைப் பெருமாளின் அவதாரம் என்றும் கும்பிடுகிறோம். ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் அருகே ஸ்ரீகூர்மம் கோயிலில் நட்சத்திர ஆமைகளை வைத்துப் பராமரிக்கிறார்கள். ஐம்புலனை அடக்குவதற்கு வள்ளுவர் உவமையாக எடுத்துக்கொண்டதும் ஆமையைத்தான். ஆக, கெட்ட பெயர் ஆமை சம்பாதித்ததல்ல.

சம்பந்தியம்மா சாதாரணமாகச் சொன்னது குழந்தையின் காதில் வேறு மாதிரி விழுந்திருக்கிறது. "அப்பத்தா அது போகணும்னு சொல்லிட்டே இருந்தாங்க. நானும் ஒருநாள் தொட்டி கழுவச் சோம்பல்பட்டு, நீ இல்லாம இருந்தா நல்லாருக்கும்னு சொல்லிட்டேன் தாத்தா. அதனாலதான் செத்துச்சா?" என்று என்னிடம் தனியாகக் கேட்டாள்.

இதற்குப் பதில் சொல்ல எனக்கு உடனே வாய் வரவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு இது பற்றிப் படித்தேன். 1948-இல் மரியா நாகி என்ற ஹங்கேரிய உளவியலாளர், மூன்று வயது முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளிடம் சாவைப் பற்றிக் கேட்டு எழுதிய ஆய்வு ஒன்று இத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குச் சாவு என்பது ஊருக்குப் போவதுபோல. போனது திரும்பி வரும். அடுத்த பருவத்தில் சாவு ஓர் ஆள் மாதிரி, வந்து பிடித்துக்கொண்டு போவான், தப்பித்தும் விடலாம். ஒன்பது, பத்து வயதில்தான் எல்லா உயிருக்கும் இது உண்டு, போனால் போனதுதான் என்பது பிடிபடுகிறது. எட்டு வயது என்பது இரண்டும்கெட்டான். சாவு நிரந்தரம் என்று தெரியும், ஆனால் தன் நினைப்பாலும் பேச்சாலும் அது வந்துவிட்டதோ என்ற பயமும் இருக்கும். 'தூங்குகிறது' என்று சொன்னால் குழந்தை இரவில் கண்ணை மூடப் பயப்படும். 'ஆற்றுக்குப் போய்விட்டது' என்றால் வரும் வரும் என்று காத்திருக்கும், பிறகு ஒருநாள் உண்மை தெரிந்தால் நம்மை நம்பாது. இறந்துவிட்டது, இனி மூச்சு விடாது, சாப்பிடாது, வலியும் தெரியாது என்று இருப்பதை இருக்கிறபடி சொல்வதுதான் நல்லது.

ஆனால் 'உன் தப்பு இல்லை' என்று வெறுமனே சொன்னால் எட்டு வயதுக் குழந்தை நம்பாது. நானாக இருந்தாலும் நம்பமாட்டேன். காரணம் என்ன என்று காட்ட வேண்டும்.

ரயில் விபத்து நடந்தால் பெரிய விசாரணைக்கு ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வருவார். அவர் ரயில்வே அமைச்சகத்துக்குக் கட்டுப்பட்டவர் அல்ல, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருபவர். சம்பந்தப்பட்டவனே தன்னை விசாரித்துக்கொள்ளக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. எங்கள் வீட்டில் அப்படி வெளி ஆள் கிடைக்கவில்லை. நானும் பேத்தியும் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். தேதிவாரியாக என்ன நடந்தது என்று அவள் சொல்ல நான் எழுதினேன்.

ஆமை நம்மைப் போல் உடம்புக்குள்ளேயே சூடு உண்டாக்கிக்கொள்ளும் பிராணி அல்ல. சுற்றியுள்ள நீரும் காற்றும் வெயிலும் எவ்வளவு சூடோ அவ்வளவுதான் அதன் உடம்பும். இந்தச் சிவப்புக் காது ஆமைக்கு, ஆங்கிலத்தில் ரெட் இயர்ட் ஸ்லைடர் என்பார்கள், சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பிரதேசம். குட்டிக்கு நீர் சுமார் 25 முதல் 28 டிகிரி இருக்க வேண்டும். அதைவிடச் சூடாக, முப்பது டிகிரிக்கு மேல், உடம்பு உலர ஏறி உட்காரும் கல்லோ மரத்துண்டோ வேண்டும். நீர் குளிர்ந்தால் செரிமானம் மெதுவாகும். இன்னும் குளிர்ந்தால் நின்றேவிடும். உண்ட உணவு வயிற்றிலேயே கெடும். நோயை எதிர்க்கும் சக்தியும் அதோடு இறங்கிவிடும். மூணாறில் ஜனவரி இரவுகள் எப்படி என்று அங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சில ஆண்டுகளில் தோட்டப் பகுதிகளில் பூஜ்யத்துக்கும் கீழே போய்ப் புல்லில் உறைபனி படிகிறது. தொட்டி இருந்த வராந்தாவில் அதே அளவு நீரை ஊற்றி வைத்துக் காலை ஆறு மணிக்குத் தெர்மாமீட்டர் போட்டுப் பார்த்தோம். 11 டிகிரி. பேத்தி அந்த எண்ணைச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டாள்.

அடுத்தது வெயில். ஜன்னலோரம் நல்ல வெயில் வருகிறதே என்று தொட்டியை அங்கே வைத்திருந்தார்கள். கண்ணாடி வழியாக வெளிச்சம் வரும், கொஞ்சம் சூடும் வரும். ஆனால் தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். வைட்டமின் டி இல்லையென்றால் தின்கிற சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேராது. ஆமை ஓடு என்பது சட்டை போல் மேலே மாட்டிக்கொண்டது அல்ல. முதுகெலும்பும் விலா எலும்பும் சேர்ந்து விரிந்ததுதான் அது. சுண்ணாம்பு சேராவிட்டால் வளர்கிற குட்டியின் ஓடு மெத்தென்று ஆகிவிடும். பட்டனின் ஓட்டு விளிம்பு கடைசி மாதத்தில் விரலால் அழுத்தினால் வளைந்ததாம். குழந்தைகள் அழகுக்காக ஓட்டில் பெயிண்ட் அடிப்பதும், ஸ்டிக்கர் ஒட்டுவதும்கூடக் கூடாது. அது உயிருள்ள எலும்பு.

பிறகு தீனி. கடையில் கொடுத்த காய்ந்த கூனி இறாலை மட்டுமே மூன்று மாதமும் போட்டிருக்கிறார்கள். அதையே தின்றால் வைட்டமின் ஏ குறைந்து கண் இமை வீங்கி மூடிக்கொள்ளும். கண் தெரியாத ஆமை தீனியைத் தேடாது. இவர்களோ அது தூங்குகிறது என்று நினைத்துவிட்டார்கள். ஆமைக்கென்றே விற்கும் தீனி, கொஞ்சம் மீன், மண்புழு, கீரை, கேரட் துருவல் என்று கலந்து கொடுக்க வேண்டும். குட்டியில் மாமிசம் அதிகம் தின்னும், வளர வளர இலைதழைப் பக்கம் திரும்பும்.

கடைசியாக ஒன்று. இதை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. கிறிஸ்துமஸ் லீவில் பேத்தி போனில் சொன்னாள், "தாத்தா, பட்டன் ஒரு பக்கமா சாஞ்சு சாஞ்சு நீந்துது, வாயில நுரை மாதிரி வருது" என்று. நான் சிரித்துக்கொண்டே, "விளையாடுதும்மா" என்றேன். ஆமையின் நுரையீரல் ஓட்டின் அடியில், முதுகோடு ஒட்டி இருக்கிறது. ஒரு பக்க நுரையீரலில் நீர் கட்டினால் அந்தப் பக்கம் கனத்து, குட்டி சாய்ந்து மிதக்கும். நமக்குப் போல் உதரவிதானம் கிடையாது, சளியை இருமி வெளியே தள்ள முடியாது. சாய்ந்து நீந்துவதும், வாயில் குமிழி வருவதும், வாயைத் திறந்து மூச்சு விடுவதும் நிமோனியாவின் அறிகுறி. அன்றே வெதுவெதுப்பாக வைத்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டியிருந்தால் பிழைத்திருக்கலாம். எங்கள் பாஷையில் சொன்னால், சிவப்பு சிக்னல் விழுந்திருந்தது, வண்டியை நிறுத்தாமல் போனவன் நான். நோட்டில் 'காரணம்' என்ற இடத்தில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேத்தி அதைப் படித்துவிட்டு, "உனக்கும் தெரியாதுல்ல தாத்தா" என்றாள். அன்று இரவு அவள் தூங்கினாள் என்று மகள் சொன்னாள்.

ஆமை என்றாலே நூறு வருஷம் என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது. கொல்கத்தா அலிப்பூர் மிருகக்காட்சி சாலையில் 2006-இல் இறந்த அத்வைதா என்ற ராட்சத ஆமைக்கு இருநூறு வயதுக்கு மேல் என்றார்கள். அந்த நினைப்பால்தான் குட்டி ஆமை சாகும்போது இடி விழுந்த மாதிரி இருக்கிறது. உண்மையில் காட்டிலும் ஆற்றிலும் பொரிக்கும் குஞ்சுகளில் மிகப் பெரும்பாலானவை சின்னதிலேயே போய்விடுகின்றன. தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டுதான் நீண்ட ஆயுள் வாழ்கின்றன. கடைக்காரர் சொன்ன நாற்பது வருஷம் பொய்யல்ல. நல்ல பராமரிப்பில் இருபது முதல் நாற்பது வருஷம் வரை இருக்கும். அந்தப் பராமரிப்பைத்தான் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இனி, இறந்த பிறகு செய்யவேண்டியவை. முதலாவது, அது இறந்துவிட்டதா என்று நிச்சயம் செய்துகொள்வது. இதைத் தமாஷாகச் சொல்லவில்லை. குளிரில் விறைத்துக் கிடக்கும் ஆமைக்கு மூச்சும் இதயத் துடிப்பும் நமக்குத் தெரியாத அளவுக்கு மந்தமாகிவிடும். அப்படி உயிரோடு இருக்கும்போதே தூக்கிப் போட்டவர்களும் புதைத்தவர்களும் உண்டு. மாப்பிள்ளை காலையில் எடுத்துக் குப்பையில் போடப் போனபோது மகள் தடுத்து, துணி விரித்த ஒரு பெட்டியில் வைத்துச் சமையலறைச் சூட்டில் மாலைவரை வைத்திருந்தாள். அது சரியான காரியம். சாதாரண அறைச் சூட்டுக்கு மெல்ல மெல்லக் கொண்டுவர வேண்டும். சுடுநீரில் போடக் கூடாது, அடுப்பருகே காய்ச்சக் கூடாது. ஒரு நாள் பார்க்கலாம். கண் உள்ளே குழிந்து, கைகால் தொளதொளவென்று தொங்கி, நாற்றமும் வந்துவிட்டால் சந்தேகம் இல்லை.

காரணம் தெரிய வேண்டும் என்பவர்கள், அல்லது தொட்டியில் இன்னொரு ஆமை இருக்கிறது என்பவர்கள், கால்நடை மருத்துவரிடம் பிரேதப் பரிசோதனை கேட்கலாம். திருச்சூர் மண்ணுத்தியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உடலைப் பையில் சுற்றி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து ஒரு நாளுக்குள் கொண்டுபோக வேண்டும். ஃபிரீஸரில் வைத்தால் திசுக்கள் சிதைந்து ஒன்றும் தெரியாமல் போகும். எங்களுக்கு அன்று இதெல்லாம் தெரியவில்லை.

புதைப்பதானால் கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி, நாய் தோண்டாதபடி இரண்டடி ஆழத்தில் புதைக்கலாம். பேத்தி ஒரு தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய அட்டைப் பெட்டியில் பருத்தித் துணி வைத்து, கொஞ்சம் கூனி இறாலும் போட்டாள். போடட்டும் என்று விட்டுவிட்டோம். தீட்டு உண்டா, குளிக்க வேண்டுமா என்று என் மனைவி போனில் கேட்டாள். தீட்டைப் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் எல்லோரும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும் என்பது தெரியும். ஆமைகளின் உடம்பிலும் நீரிலும் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கும், பார்வைக்கு ஆமை ஆரோக்கியமாகவே தெரியும். இதனால் குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கு வந்ததால்தான் அமெரிக்காவில் 1975-இல் நாலு அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளைச் செல்லப் பிராணியாக விற்பதையே தடை செய்தார்கள். தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் கழுவி வெயிலில் காயவைத்தோம். சமையலறைத் தொட்டியில் இதைக் கழுவக் கூடாது.

துக்கம் என்று சொல்ல எனக்கே முதலில் கூச்சமாக இருந்தது. நான் பார்க்காத சாவா? வாளையார்–கஞ்சிக்கோடு பகுதியில் ரயிலில் அடிபட்ட யானையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். 2021 நவம்பரில் மதுக்கரையை அடுத்த நவக்கரையில் மூன்று யானைகள் ஒரே இரவில் போனபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன், ஆனாலும் அன்று சாப்பிட முடியவில்லை. யானைக்கு வருந்தினால் யாரும் சிரிப்பதில்லை. பேத்தி வகுப்பில் பட்டன் செத்ததைச் சொன்னபோது, "ஆமைக்குப் போய் அழுவாங்களா" என்று ஒரு பையன் சிரித்திருக்கிறான். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் சொல்லவில்லை. வெளியே சொல்ல அனுமதியில்லாத துக்கம் என்று இதற்கு ஒரு பெயரே இருக்கிறது. அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் டோகா 1989-இல் இதைப் பற்றி ஒரு நூலே தொகுத்திருக்கிறார். பிறர் மதிக்காத துக்கம் சீக்கிரம் ஆறுவதில்லை என்பது அவர் எடுத்துக்காட்டியவற்றில் ஒன்று. சம்பந்தியம்மாவிடம் மகள் பக்குவமாகச் சொன்ன பிறகு, அவரே ஒரு நாள் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய்ப் புதைத்த இடத்தில் ஒரு சாமந்திச் செடி நட்டுவிட்டு வந்தார். பழமொழியை அவர் வாபஸ் வாங்கவில்லை. அதற்குப் பிறகு சொல்லவுமில்லை.

வீட்டில் உயிரோடு ஆமை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சலித்துப்போயிற்று என்றோ, பெரிதாகிவிட்டது என்றோ (ஒரு சாண் தாண்டி, முப்பது சென்டிமீட்டர் வரைகூட வளரும்) தயவுசெய்து முதிரப்புழையிலோ பாரதப்புழையிலோ கோயில் குளத்திலோ விடாதீர்கள். உலகின் மோசமான நூறு அந்நிய ஊடுருவல் உயிர்களின் பட்டியலில் இந்த ஆமை இருக்கிறது. நம் குளத்து ஆமைகளின் தீனியையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும், நோயையும் பரப்பும். பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையத்தார் இதைப் பற்றி எச்சரித்து, வளர்க்க முடியாதவர்கள் நீர்நிலையில் விடாமல் ஒப்படைக்கும்படி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 'ஆற்றுக்குப் போய்விட்டது' என்ற பொய்யை நான் வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதைக் கேட்டு வளரும் குழந்தை அடுத்த ஆமையைத் தானே ஆற்றில் விடும்.

உள்ளூர் ஆமையைப் பிடித்து வளர்க்கலாமே என்றால் அது குற்றம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டு ஆமைகளைப் பிடிக்கவோ விற்கவோ வளர்க்கவோ விடாது. நட்சத்திர ஆமை 2022 திருத்தத்தின்படி முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் இடத்தில், இருக்கிறது. நம் பக்கத்துக் காடுகளில் ஆமைகளுக்குக் குறைவில்லை என்பதும் எனக்கு இதைப் படிக்கும்போதுதான் தெரிந்தது. பரம்பிக்குளம், நெல்லியாம்பதிக் காடுகளில் திருவாங்கூர் ஆமை இருக்கிறது. சாலக்குடிக் காட்டில் பிரம்பு ஆமை என்று உள்ளங்கை அளவில் ஒன்று. 1912-இல் கண்டுபிடித்து, பிறகு எழுபது வருஷம் விஞ்ஞானிகள் யார் கண்ணிலும் படாமல் இருந்ததை 1982-இல் ஜே. விஜயா என்ற இளம் பெண் காட்டிலேயே தங்கி, காடர் மக்கள் உதவியோடு மறுபடி கண்டுபிடித்தார். சென்னைப் பாம்புப் பண்ணையில் தொடங்கியவர். இந்தியாவின் முதல் பெண் ஊர்வன ஆய்வாளர் என்று அவரைச் சொல்கிறார்கள். முப்பது வயது ஆகும் முன்பே 1987-இல் காலமானார். 2006-இல் அந்த ஆமை இனத்துக்கே விஜயாகெலிஸ் என்று அவர் பெயரை வைத்தார்கள். பேத்திக்கு இந்தக் கதை மிகவும் பிடித்துப்போயிற்று.

வேறு ஆமை வேண்டுமா என்று நாங்கள் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. ஏப்ரலில் பாலக்காட்டுக்கு அழைத்துவரும் வழியில் சின்னாறில் இறங்கினோம். மழை மறைவுப் பகுதி, முட்செடியும் கள்ளியுமாக நம் உடுமலைப் பக்கத்து வறண்ட காடு மாதிரியே இருக்கும். கேரளத்தில் நட்சத்திர ஆமை இயற்கையாக வாழும் இடம் அதுதான். கடத்தல்காரர்களிடம் பிடிபட்ட ஆமைகளையும் வனத்துறையினர் இங்கே கொண்டுவந்து, சில காலம் வேலிக்குள் வைத்துப் பழக்கிக் காட்டில் விட்டிருக்கிறார்கள். அக்டோபரில் அமெரிக்க ஆமையை டப்பாவில் வைத்துக்கொண்டு இதே செக்போஸ்டைத் தாண்டியது எனக்கு நினைவு வந்தது, பேத்தியிடம் சொல்லவில்லை.

இரண்டு மணி நேரம் வாட்சரோடு நடந்தோம். சாம்பல் அணில் பார்த்தோம், மயில் பார்த்தோம். ஒரு ஆமைகூடக் கண்ணில் படவில்லை. மழை பெய்தால்தான் வெளியே வரும் என்றார் வாட்சர். பேத்தி பையிலிருந்து அந்த நாற்பது பக்க நோட்டை எடுத்து, "இங்க ஜனவரியில ராத்திரி எத்தனை டிகிரி இருக்கும் அண்ணா?" என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே, ஆபீஸில் ரிஜிஸ்டர் இருக்கிறது, பார்த்துச் சொல்கிறேன் என்றார். திரும்பி வந்ததும் ரிஜிஸ்டரை எடுத்துப் போட்டார். பஸ் வரும்வரை இருவரும் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.